கடைசிச் செலவு

எங்கள் தெருக் கோடியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கடை என்றதும் பெயர்ப்பலகை, மேஜை, நாற்காலி என்றெல்லாம் எண்ணிவிடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் ஓர் அடுப்பு, ஓர் இட்லிப் பானை, இரண்டு தூக்குகளில் சட்னியும் சாம்பாரும். அவ்வளவுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பது மணிக்குள் வியாபாரம் முடிந்துவிடும். புருஷன் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. ஒரே பெண்ணைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டாள். மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை உண்டு. அதை ஒரு பெரியவருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

பெரியவர் ஒரு கம்பெனியில் வாசல் காவல்காரர். மனைவி காலமாகிவிட்டாள், குழந்தை குட்டி கிடையாது. மதுரைப் பக்கத்தில் ஓர் அண்ணன் இருப்பதாகச் சொல்வார். அந்த அண்ணனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வாடகைப் பணமும் இட்லிக் கணக்கும் தவறாமல் அந்த அம்மாளின் கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஒருவரோடு ஒருவர் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

2023-ஆம் வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி ஆயுத பூஜை. அன்று சாயங்காலம் கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, "இந்தாம்மா, பூஜைப் பிரசாதம்" என்று கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார் பெரியவர். மறுநாள் விஜயதசமி. காலை எட்டு மணியாகியும் இட்லி வாங்க இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தால், உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

தெருவே கூடிவிட்டது. கூடியவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? யோசனை சொன்னார்கள்! அண்ணனுக்குப் போன் பேசினார்கள். "எனக்கு உடம்பு முடியவில்லை. நீங்களே பார்த்து ஆக வேண்டியதைச் செய்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. உடனே ஒருவர், "கார்ப்பரேஷனுக்குச் சொல்லிவிடலாம், எடுத்துப் போய்விடுவார்கள்" என்றார். இன்னொருவர் அந்த அம்மாளைப் பார்த்து, "நீ ஏன் கவலைப்படுகிறாய்? உனக்கு அவர் என்ன உறவு?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. உள்ளே போனாள். கையில் கிடந்த இரண்டு வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, நேரே அடகுக் கடைக்கு நடந்தாள்.

அன்று நடந்த செலவை அவள் இட்லிக் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தாள். ஃப்ரீசர் பெட்டி 3,500. பாடை, கோடித் துணி, பூமாலை 4,200. வண்டி 2,500. மேளம், சங்கு 3,000. மயானத்தில் கூலி, விறகு, வரட்டி 3,000. பால் தெளிப்பு, பத்தாம் நாள் காரியம் 2,200. ஆக மொத்தம் 18,400 ரூபாய். இட்லி விற்று இந்தப் பணத்தைச் சேர்க்க எத்தனை விடியற்காலை அடுப்பு மூட்ட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நூற்றைந்து ரூபாய்

விஷயம் அதோடு முடிந்துபோயிருக்கும். பொங்கலுக்கு என் நாத்தனார் பெண் வந்திருக்காவிட்டால், நானும் இதை எழுதப் போவதில்லை.

அவள் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறாள். மாட்டுப் பொங்கலன்று இட்லிக் கடை அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மாடி அறையைக் காலி செய்ய வேண்டுமே என்ற பேச்சு வந்தது. பெரியவரின் இரும்புப் பெட்டியில் இருந்த காகிதங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கேட்பதற்காக. என் நாத்தனார் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இங்கே பாருங்கள். சம்பளம் 14,000. பிடித்தம் 105. இது ஈ.எஸ்.ஐ. பணம்!"

"ஆமாம், மாசா மாசம் அந்த நூற்றைந்து இருக்கும். ஏதோ சீட்டுக் கட்டுகிறார் என்று நினைத்தேன்" என்றாள் இட்லிக் கடை அம்மாள்.

"இவருடைய அடக்கச் செலவுக்கு யாராவது மனுப் போட்டார்களா?"

"மனுவா? எதற்கு?"

இந்த 'எதற்கு' என்ற கேள்விதான் நம் வீடுகள் பலவற்றிலும் எழும் கேள்வி. ஆகவே கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த நூற்றைந்து ரூபாயின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஈ.எஸ்.ஐ. என்று ஜனங்கள் வாயில் வழங்குவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், அதற்குச் சட்டம் வந்தது. 1952-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, முதலாளியின் பங்கு கொஞ்சம் அதிகம், இரண்டும் சேர்ந்து ஒரு பொது நிதி. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். பெரியவரின் 14,000-க்கு அவர் பங்கு 105, கம்பெனியின் பங்கு 455. 2017-ஆம் வருஷ ஆரம்பத்தில் வைத்த வரம்புப்படி, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் சேருகிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கடை, ஹோட்டல், சினிமாக் கொட்டகை, தனியார் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றில் வேலை செய்கிற எத்தனையோ பெண்களும் இதில் இருக்கிறார்கள். மருந்து, மாத்திரை, பிரசவ விடுப்புச் சம்பளம் என்பவை எல்லோருக்கும் தெரியும். கடைசிச் செலவுக்கும் இதில் வழி உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அந்த வழி ஆரம்பத்திலேயே இருந்ததல்ல. 1966-ஆம் வருஷத் திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். அப்போது வைத்த வரம்பு நூறு ரூபாய்! அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். விலைவாசி ஏற ஏறத் தொகையையும் படிப்படியாக உயர்த்தி வந்து, இப்போது உச்சவரம்பு 15,000 ரூபாய். இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வேலையில் சேர்ந்து காப்பீட்டுக்குள் வந்த முதல் நாளே விபரீதம் நேர்ந்தாலும் உரிமை உண்டு. வேலை செய்யும் இடத்தில்தான் உயிர் போயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் உறங்கும்போது போனாலும் சரிதான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காப்பீட்டில் இருப்பவர் இறந்தால்தான் இந்தப் பணம். அவருடைய தாயாரோ மனைவியோ இறந்தால் அந்தச் செலவுக்கு இதில் இடமில்லை. அதே சமயம், வேலைக்குப் போகிற மனைவியின் பெயரில் காப்பீடு இருந்து அவள் காலமானால், அவளுடைய கடைசிச் செலவுக்காகக் கணவன் கேட்கலாம். பெண் பிள்ளையின் சம்பளச் சீட்டையும் ஆண் பிள்ளையின் சம்பளச் சீட்டையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது.

யார் கேட்கலாம்?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பணம் யாருக்கு?

சட்டம் சொல்வது இதுதான்: இறந்தவரின் குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவருக்கு. குடும்பமே இல்லை, அல்லது இறக்கும்போது குடும்பத்தோடு வாழவில்லை என்றால், அடக்கச் செலவை உண்மையில் யார் செய்தாரோ அவருக்கு.

இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். செலவை உண்மையில் யார் செய்தாரோ அவருக்கு! கொள்ளி வைக்க யாருக்கு உரிமை, பங்காளி யார், தாயாதி யார் என்று நம் வீடுகளில் எத்தனை சச்சரவு நடக்கிறது! பெண் வைக்கலாமா, பேரன் வைக்கலாமா என்று பிணத்தைக் கிடத்திக்கொண்டே வாதாடுகிறோம். சட்டமோ அந்த வம்பில் எல்லாம் தலையிடவில்லை. தனியாகக் கிடந்து செத்தவரை எடுத்துப் போட்டது யார் என்று மட்டும் கேட்கிறது. அவர் உறவாகவும் இருக்கலாம், ஊரானாகவும் இருக்கலாம். கூட வேலை செய்தவராகவும் இருக்கலாம், வீட்டுக்காரியாகவும் இருக்கலாம்.

மேல்நாடுகளில் இப்படி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற திட்டத்தில், இறந்தவருக்காக ஒரு தொகை கொடுக்கிறார்கள். 1954-ல் அதற்கு 255 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த 255 அசையவே இல்லை. 1981-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ, அவர்கள் இல்லாவிட்டால் தகுதியுள்ள பிள்ளைகளுக்கோதான் அது கிடைக்கும். கையிலிருந்து செலவு செய்த சிநேகிதருக்குக் கிடையாது. பிரிட்டனில் 1949-ல் 20 பவுன் என்று ஆரம்பித்த உதவி, 1967-ல் 30 பவுனாகி, இருபது வருஷம் அப்படியே நின்று, 1987-ல் ஒழிந்தது. அங்கே இப்போது இருப்பது வேறு ஏற்பாடு. ஏழைகளுக்கென்று சர்க்கார் கொடுக்கும் உதவிகளில் ஒன்றை ஏற்கெனவே பெறுகிறவர்கள்தான் அதைக் கேட்க முடியும். பணக்கார தேசங்களின் சங்கதி இது. நம்முடைய நூறு ரூபாய் பதினையாயிரமாகவாவது வளர்ந்திருக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

"எங்கள் வீட்டில் வேலை செய்கிறவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது, ஈ.எஸ்.ஐ. ஏது?" என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷம் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ்க் கட்டட வேலை, தையல், சலவை, முடி திருத்துதல், ஆட்டோ ஓட்டுதல் என்று தொழிலுக்கு ஒரு நல வாரியம் ஏற்பட்டது. 2007-ல் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் தனி வாரியம் வந்தது. வாரியத்தில் பதிவு செய்துகொண்டவர் காலமானால் குடும்பத்துக்கு மரண உதவியும், அதோடு ஈமச் சடங்குச் செலவுக்கென்று ஒரு தொகையும் உண்டு. தொகை அவ்வப்போது அரசு ஆணைப்படி மாறும். தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் அன்றைய நிலவரம் சொல்வார்கள்.

இதில் தகுதிக்கு அஸ்திவாரம் ஒன்றே ஒன்று: உயிரோடிருக்கும்போதே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தால் மட்டும் போதாது. குறித்த காலத்தில் புதுப்பித்தும் வர வேண்டும். அட்டை காலாவதியான பிறகு ஆள் காலமானால், அங்கே குடும்பம் படுகிற பாடு சொல்லி முடியாது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளிடம், "வாரிய அட்டை வைத்திருக்கிறாயா? புதுப்பித்தாயா?" என்று ஒரு நாள் கேளுங்கள். தீபாவளிக்குப் புடைவை எடுத்துக் கொடுப்பதைவிட அது பெரிய உபகாரமாக இருக்கலாம்.

இன்னொரு திட்டமும் உண்டு. தேசியக் குடும்ப நல உதவித் திட்டம் என்று 1995-ஆம் வருஷம் ஆகஸ்ட் 15-ஆம் தேதி மத்திய சர்க்கார் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில், சம்பாதித்துப் போடுகிறவர் அறுபது வயது நிரம்புவதற்குள் காலமானால், குடும்பத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் உதவி. 2012-ல் இதை 10,000-லிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அடக்கச் செலவுக்கென்று பெயர் சொல்லிக் கொடுப்பதல்ல. ஆனாலும் கடன் வாங்கி அடக்கம் செய்த வீட்டில் இந்தப் பணம் முதலில் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இந்தத் திட்டத்தின் விதிகளில் ஒரு வரியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சம்பாதித்துப் போடுகிறவர் யார் என்று விளக்கும் இடத்தில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் அப்படியே கருத வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்! "அவள் வீட்டில் சும்மாதானே இருந்தாள், அவள் செத்ததற்கு எதற்குப் பணம்?" என்று சொல்ல இடமில்லை. சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்தவள் போனால், அந்தக் குடும்பத்தின் தூண் ஒன்று சாய்ந்துவிட்டது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் கணவன் தைரியமாகத் தாலுகா ஆபீசில் போய்க் கேட்கலாம்.

கெடுவும் காகிதமும்

துக்க வீட்டில் நேரம் ஓடுவது தெரியாது. சஞ்சயனம், காரியம், சுபம், பிறகு வருகிறவர்கள் போகிறவர்கள் என்று மாதம் இரண்டு போய்விடும். கெடு மட்டும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

முதல் கெடு இருபத்தொரு நாள். அதற்குள் மரணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு எழுதி அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் வீட்டார்தான் போய்ச் சொல்ல வேண்டும். இருபத்தொரு நாள் தாண்டினால் அபராதக் கட்டணம். முப்பது நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்டிரேட் உத்தரவு வரை போக வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த மனுவும் நகராது. அதில் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் இறந்தவரின் அட்டைகளில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினால் ஒன்பது தடவை அலைய வேண்டும்.

இரண்டாவது கெடு மூன்று மாதம். ஈ.எஸ்.ஐ. அடக்கச் செலவுக்கான மனு இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரிகள் கெடுவை நீட்டிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நீட்டிக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. இதற்கென்று ஒரு படிவம் உண்டு. இறந்தவரின் காப்பீட்டு எண், இறப்புச் சான்றிதழ், மனுதாரரின் வங்கிக் கணக்கு விவரம், செலவு செய்தது நான்தான் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். மனுவுக்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. "ஐந்நூறு கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பழைய 1948-ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் இப்போது அதுதான். அடக்கச் செலவு விதியும், மூன்று மாதக் கெடுவும், செலவு செய்தவருக்கே பணம் என்ற நியாயமும் அதிலும் அப்படியே இருக்கின்றன.

ஆபீசில் ஒரு கேள்வி

இப்போது பழைய கதைக்கு வருவோம். பெரியவர் இறந்தது அக்டோபர் 24. கெடு ஜனவரி 24. பொங்கல் விடுமுறை எல்லாம் முடிந்து நாங்கள் புறப்பட்ட நாள் ஜனவரி 19. இன்னும் ஐந்தே நாள்!

நல்ல வேளையாக, இறந்த ஆறாம் நாளே அந்த அம்மாள் மரணத்தைப் பதிவு செய்திருந்தாள். "மயானத்தில் கேட்டார்கள், போய் எழுதிவிட்டு வந்தேன்" என்றாள். சம்பளச் சீட்டில் காப்பீட்டு எண் இருந்தது. என் நாத்தனார் பெண் படிவத்தை எழுதிக் கொடுத்தாள். கிளம்புகிற சமயத்தில் அந்த அம்மாள் தயங்கினாள்.

"எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. 'உனக்கு அவர் என்ன உறவு' என்று அங்கேயும் கேட்பார்களே?"

அவள் பயந்ததில் தப்பில்லை. பணம் வரலாம் என்ற பேச்சு எப்படியோ காற்றில் மதுரைப் பக்கம் போய்விட்டது. அடக்கத்துக்கு வர முடியாத அண்ணனிடமிருந்து முதல் நாள் இரவு போன் வந்திருந்தது. "கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது வாடகைக்கு விட்டவளுக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்டாராம்.

கிளை ஆபீசில் எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். படிவத்தை மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு கேட்டார்:

"இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் அம்மா?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"ஒன்றும் வேண்டாம், ஐயா. என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்."

"குடும்பம்?"

"சம்சாரம் போய்விட்டது. குழந்தை இல்லை. ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார்."

"அண்ணன் இவரோடு இருந்தாரா?"

"இல்லை, ஐயா. அடக்கத்துக்கும் வரவில்லை."

"செலவு செய்தது யார்?"

"நான்தான், ஐயா." இட்லிக் கணக்கு நோட்டைப் பிரித்து நீட்டினாள்.

அவர் அந்த ஆறு வரிகளையும் நிதானமாகப் படித்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அப்படியானால் இந்தப் பணம் உங்களுடையதுதான். இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

தெருவில் கேட்ட கேள்வியைத்தான் அவரும் முதலில் கேட்டார். ஆனால் அதோடு நிறுத்திவிடவில்லை. அடுத்த கேள்வியையும் கேட்டார். அந்த அடுத்த கேள்விதான் சட்டம்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் படிக்கட்டில் சற்று உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஒவ்வொருவருடைய சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். என்ன பிடித்தம், எதற்குப் பிடித்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு எண்ணை ஒரு நோட்டில் குறித்து, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். "அபசகுனமாகப் பேசாதே" என்று மாமியார் கோபித்தால் கோபிக்கட்டும். பஞ்சாங்கத்தில் அமாவாசை குறிப்பதற்கு நாம் பயப்படுகிறோமா என்ன? சாவு வருவதை நோட்டுப் புத்தகம் தடுக்காது, வரவழைக்கவும் செய்யாது. வந்த பிறகு வளையல் அடகுக் கடைக்குப் போகாமல் அது தடுக்கலாம்.

மார்ச் மாத முதல் வாரத்தில் அந்த அம்மாளின் வங்கிக் கணக்கில் 15,000 ரூபாய் வந்து சேர்ந்தது. அன்றே வளையல்களை மீட்டுக்கொண்டு வந்தாள். நான் இட்லி வாங்கப் போனபோது கையை நீட்டிக் காட்டினாள்.

"எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் உனக்கு இன்னும் மூவாயிரத்து நானூறு நஷ்டம்தானே?" என்றேன்.

இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "அது நஷ்டம் இல்லையம்மா. அது அந்தப் பொரிப் பொட்டலத்துக்கு."